வாய்மொழி உத்தரவுப்படி

கண்ணைப் பார்த்துக் காதலில் விழுந்தவர்கள் உண்டு. சிரிப்பைப் பார்த்து விழுந்தவர்கள், மழையில் நனைந்த கூந்தலைப் பார்த்து வழுக்கி விழுந்தவர்கள், எல்லாரும் உண்டு. இவள் முதலில் பார்த்தது ஒரு கையை. அதுவும் திரையில். பார்த்ததும் அவளுக்கு வந்தது காதலா? அதெல்லாம் ஒன்றுமில்லை… கொலைவெறி!

டப்பிங் தியேட்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். காதில் ஹெட்போன், எதிரே மைக். சினிமா வட்டாரத்தில் அவளுக்கு 'அழுமூஞ்சி' என்று பெயர். திரையில் எந்த நடிகை அழுதாலும் தொண்டை இவளுடையது. புருஷன் செத்தால் ஓர் அழுகை, காதலன் கைவிட்டால் இன்னோர் அழுகை, இரண்டும் ஒரே நாளில் நடந்தால் அதற்கும் தனியாக ஒன்று வைத்திருந்தாள். ஆனால் தனக்காகக் கடைசியாக எப்போது அழுதாள் என்று கேட்டால் அவளுக்கே ஞாபகமில்லை. நான்கு வருடமாக அவளிடம் இருந்ததெல்லாம் கோபம்தான். கோபம் இருக்கிற கண்ணில் தண்ணீர் எங்கே வரும்?

"இது சாதாரணப் படம் இல்லம்மா!" டைரக்டர் காலையிலேயே இரண்டு கையையும் ஆட்டிச் சொல்லியிருந்தார். "ஊழலைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன். இது வந்தா மேல இருக்கறவன் நாற்காலியெல்லாம் ஆடும்!"

டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பேச்சு உதட்டோடு ஒட்டும்வரை ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதற்கு லூப் என்று பெயர். தியேட்டரில் ஜனங்கள் இரண்டு நொடி பார்க்கப்போகிற காட்சியை இவள் முப்பது தடவை பார்ப்பாள்.

லூப் ஓடியது.

ஓர் அரசு அலுவலக மேசை. கோப்பு. ஓர் ஆணின் கை மட்டும் பேனாவைப் பிடித்துத் தாளின் அடியில் பொடி எழுத்தில் எதையோ எழுதுகிறது. அதன் மேல், அந்தக் கைக்குரிய குமாஸ்தாவின் மகள் குரல் கதற வேண்டும்: "எங்கப்பா ஒரு திருடன்! கூரை இடிஞ்சு ஏழு பேர் செத்ததுக்கு எங்கப்பா எழுத்துதான் காரணம்!"

கூரை. ஏழு பேர். அவளுக்குச் சுருக்கென்றது… சரி, ஊரில் எத்தனையோ கூரை இடிகிறது, எத்தனையோ பேர் சாகிறார்கள் என்று மனதை அடக்கிக்கொண்டாள். பத்தாவது தடவை ஓடும்போது திரையில் இருந்த 'ழி'யைப் பார்த்தாள். வால் கோட்டுக்குக் கீழே இறங்கி, ஏதோ மறந்துவிட்டது போல மறுபடி மேலே திரும்பும் 'ழி'. அவள் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் எல்லாம் அந்த எழுத்துத்தான் இருந்தது.

அப்பாவின் எழுத்து!

இருபதாவது தடவையில் வரி முழுதும் படித்துவிட்டாள். 'அமைச்சரின் வாய்மொழி உத்தரவுப்படி, சோதனை அறிக்கை இல்லாமலேயே ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது.' மூலையில் பக்க எண்: பதினேழு.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

அவளுடைய அப்பா கட்டடத் துறையில் தலைமை குமாஸ்தா. புதுப் பேருந்து நிலையத்தின் கூரை பலமானதா என்று சோதிக்காமலே திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார் அமைச்சர். 'சும்மா கோப்பை ஒப்புதலுக்கு வை' என்று போனில் மிரட்டல். அப்பா வைத்தார். ஆனால் பயந்த மனுஷனுக்குள்ளும் ஒரு நேர்மை இருந்தது, யார் சொல்லி வைக்கிறேன் என்பதையும் எழுதிவிட்டார். திறந்த மூன்றாம் மாதம் கூரை விழுந்தது. விழுந்த அன்றே கோப்பிலிருந்து பதினேழாம் பக்கமும் அதைச் சுற்றியிருந்த பக்கங்களும் காணாமல் போயின. சோதனை அறிக்கை இல்லை என்பதை மறைத்தவர் என்று அப்பாவை வேலையிலிருந்து தூக்கி எறிந்தார்கள். 'எழுதினேன்… நான் எழுதினேன்…' என்று அவர் நான்கு வருடமாகச் சொல்கிறார். யார் நம்பினார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வருகிற திங்கட்கிழமை மேல்முறையீட்டின் கடைசி விசாரணை. அதோடு கதவு மூடிவிடும்.

"என்னம்மா, டேக் போலாமா?" சவுண்ட் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"சார்…" அவள் டைரக்டரைப் பார்த்தாள். "இந்தப் படத்துல அமைச்சர் எப்படிப்பட்டவரு?"

"ரொம்ப நல்லவரும்மா. கடைசில அவர்தான் அந்த குமாஸ்தாவைப் பிடிச்சுக் குடுப்பாரு. கைதட்டு அள்ளும் பாரு!"

"படத்தை எடுக்கறது யாரு?"

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் சவுண்ட் அண்ணனிடமிருந்து முணுமுணுப்பாக வந்தது. "அமைச்சரோட மச்சினர்மா… உனக்குத் தெரியாதா?"

அடப்பாவிகளா! கொன்றவனே ஒப்பாரி வைக்கிறான், அந்த ஒப்பாரிக்கு இவள் தொண்டை வேண்டுமாம்.

"இந்த வசனத்தை நான் பேச மாட்டேன்."

"ஏம்மா, ஒரே ஒரு வரிதானே…"

"ஒரு வரிதான் சார். ஒரு வரியிலதான் எங்க குடும்பமே போச்சு." கதவை அவள் சாத்திய வேகத்தில் சவுண்ட் அண்ணன் மேசைமேல் இருந்த டீ க்ளாஸ் ஆடிக் கவிழ்ந்தது.

*

வெளியே மழை. சும்மா மழையா… தெருவின் எதிர்ப்பக்கம் தெரியாத மழை. தியேட்டர் வாசலின் சின்னக் கூரைக்கடியில் நின்று மூச்சு வாங்கினாள். பக்கத்தில் ஒருவன். சட்டைக்குள் ஒரு தோல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று பையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். இமையில் மழைத்துளி. கொஞ்சம் தூங்குமூஞ்சிக் கண்கள், ஆனால் சிரித்தால் விழித்துக்கொள்ளும் போலிருந்தது.

"உள்ள யாரோ கதவை உடைச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சே…" என்றான்.

"நான்தான்."

"ஓ." ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான். "கதவு என்ன பண்ணுச்சுங்க?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "பைக்குள்ள என்ன, குழந்தையா? இப்படி மூடி வச்சிருக்கீங்க?"

"குழந்தை நனைஞ்சா துடைச்சுக்கலாம். மை நனைஞ்சா போச்சு." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

அப்போது பார்த்தாள். வலது கட்டைவிரல் நகத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு. நடுவிரலில் மைக்கறை. இருபது தடவை பார்த்த கை!

"நீயா!"

"நானா…?"

"கோப்புல எழுதற கை… உன்னோடதா?"

அவன் முகம் மலர்ந்தது, பாவம். பதினொரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. படங்களில் வரும் கடிதம், உயில், தற்கொலைக் குறிப்பு, காதலி எழுதும் சீட்டு எல்லாவற்றையும் எழுதுகிறவன் அவன். யார் எழுத்தைக் காட்டினாலும் அப்படியே எழுதுவான். யூனிட்டில் அவனை 'கையெழுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். "யோவ் கையெழுத்து, இங்க வாய்யா!" நடிகர்களுக்கு எழுத வராது என்பதால், பல படங்களில் எழுதும் கையும் அவனுடையதே.

"ஆமாங்க! அந்த எழுத்து ரொம்பக் கஷ்டம். அந்த 'ழி' வாலை வளைக்க மூணு நாள் ஆச்சு. எப்படி வந்திருக்கு?"

"எங்கப்பா எழுத்து அது! எங்கப்பா கையைத் திருடி, அதே கையால அவரைத் திருடன்னு எழுத வச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருதா? கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா?"

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. "வார்த்தையை அளந்து பேசுங்க. நான் நகல் எடுக்கறவன். கள்ளன் இல்ல."

"என்ன பெரிய நகல்! 'உத்தரவுப்படி'ல ஒரு புள்ளியே காணோம். முதல் 'ப' மொட்டையா நிக்குது. எங்கப்பா உயிர் போனாலும் புள்ளி விட மாட்டார்."

அவன் மழையை மறந்தான். வாய் லேசாகத் திறந்தபடி அவளையே பார்த்தான். "பதினொரு வருஷம்… ஒருத்தர்கூட அதைக் கண்டுபிடிச்சதில்லைங்க."

"எதை?"

"புள்ளியை. அதை வேணும்னேதான் விடுவேன். எந்த நகல் எடுத்தாலும் ஒரே ஒரு புள்ளி வைக்க மாட்டேன். நாளைக்கு எவனாவது என் எழுத்தை நிஜம்னு சொல்லி ஊரை ஏமாத்தக் கூடாது பாருங்க… அதுக்கு."

அவளுக்குப் பொறி தட்டியது. நகல் என்றால் அசல் வேண்டுமே! அசல் இருந்தால்தானே நகல்?

"அசல் எங்க?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் பையைத் தொட்டான். "கம்பெனில ஒரு கட்டு பழைய தாள் குடுத்தாங்க. நிஜ கோப்பு மாதிரி இருக்கணும், இதைப் பார்த்து எழுதுன்னு. இன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"பதினேழாம் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"நான் எதையும் படிக்கறதில்லைங்க. படிச்சா என் மனசு நடுவுல வந்து எழுத்து கெட்டுடும். வளைவையும் கோட்டையும் மட்டும்தான் பார்ப்பேன்."

"இப்பப் படிங்க."

அவன் பையைத் திறந்தான். கூரைக்கடியில் முதுகை மழைக்குக் காட்டித் தாளை மறைத்துக்கொண்டு, வாயால் மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தான். 'அமைச்சரின்… வாய்மொழி…' படிக்கப் படிக்க முகம் வெளிறியது. திருடிய பக்கத்தை எரிக்காமல் மச்சினர் கம்பெனியில் எங்கோ செருகி வைத்திருக்கிறார்கள், பழைய தாள் என்று நினைத்து ஒருவன் தூக்கிக் கொடுத்திருக்கிறான். டைரக்டர் பார்த்தார், இவன் பார்த்தான், கேமரா பார்த்தது. ஒருவரும் படிக்கவில்லை. குமாஸ்தா எழுத்தை யார் படிப்பார்கள்!

"அதை எனக்குக் குடுங்க," என்றாள். "திங்கக்கிழமை விசாரணை. இது ஒண்ணு போதும், எங்கப்பா நிமிர்ந்து நடப்பார்."

அவன் கை நீண்டது… பாதியில் நின்றது. அடுத்த மூன்று படம் அதே கம்பெனியில். பதினொரு வருடத்தில் முதன்முறையாகத் திரையில் அவன் பெயர் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் யோசிச்சு… நாளைக்குச் சொல்றேங்க."

அவள் சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்த சிரிப்பு. "எங்கப்பாகிட்டயும் நாலு வருஷமா இதைத்தான் சொன்னாங்க. ஒவ்வொரு நாற்காலியும்… நாளைக்கு, நாளைக்கு! நீங்களும் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கோங்க."

மழைக்குள் இறங்கி நடந்தாள். முட்டாள்… அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் நல்ல கண் என்று நினைத்தோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

*

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். நாற்காலியில் சரிந்திருந்தவர் எழுந்து நின்றேவிட்டார்.

"இருக்கா? பதினேழு இருக்கா?" பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "யாருகிட்ட இருக்குன்ன? எழுத்தை நகல் எடுக்கறவன்கிட்டயா? விடும்மா. அவன் குடுத்தாலும் பிரயோஜனமில்ல. அவனே எழுதினதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவனுங்க, இதையும் செய்வானுங்க," என்றாள் அம்மா. நான்கு வருடமாக அக்கம்பக்கத்துக் கல்யாணம் எதற்கும் அழைப்பு வராத வீடு அது. திருடன் வீட்டுக்கு யார் பத்திரிகை வைப்பார்கள்?

சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். அவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அதே பையோடு.

"சவுண்ட் அண்ணன்கிட்ட விலாசம் வாங்கினேன்…"

"நாற்காலி கிடைச்சுதா?"

"பொய் சொல்ல மாட்டேங்க. திருப்பிக் குடுக்கத்தான் போனேன். ஆபீஸ்ல போய் உக்காந்தும் உக்காந்தேன். உங்க குரல் காதை விட்டுப் போகல. கட்டைக் குடுத்துட்டேன். ஒரு தாளை மட்டும் குடுக்கல."

"யாரும்மா?" உள்ளிருந்து அப்பா. விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கடுகடுவென்றானது. "என் கையைக் கடன் வாங்கி எனக்கே சேறு பூசின கையா? வாசலோட அனுப்பு."

அவன் போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து இரண்டு தாளை நீட்டினான். "ஐயா, ரெண்டுல உங்களோடது எதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா போயிடறேன்."

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு தாளைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். விரல் ஒரு சொல்லில் வந்து நின்றது. "இது என்னோடது இல்ல. இதுல ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. நான் புள்ளி விடறதில்ல தம்பி." மற்றதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இது… இது நான் எழுதினது. ஐயோ, நான் எழுதினேன்!"

அந்த மனுஷன் அழுததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி," அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "தாள் மட்டும் போனா, நான் எழுதினதுன்னுதான் சொல்லுவாங்க. அதனால நானும் வரேன்."

"வந்தா உன் பிழைப்பு?"

"போகும்." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தூங்குமூஞ்சிக் கண் அன்றைக்கு முழுசாக விழித்திருந்தது. "கள்ளன்னு ஒருத்தங்க சொன்னாங்க. அந்தப் பேரோட என்னால எழுத முடியலைங்க."

அம்மா அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தாள். இவள் அதை அவன் தலைமேல் வீசினாள். கோபமாகத்தான் வீசினாள். ஆனால் குறி தவறவில்லை.

*

திங்கட்கிழமை. விசாரணை அறை. உயரமான மேசைக்குப் பின்னால் ஒரு நீதிபதி அம்மா, எதையும் எளிதில் நம்பாத மூக்குக்கண்ணாடி. இந்தப் பக்கம் துறையின் வக்கீல். வழக்கு துறையுடையது, வக்கீல் வந்தது அமைச்சரின் காரில்.

பக்கத்தைப் பார்த்ததும் வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, இதைக் கொண்டுவந்தவர் தொழில் என்னன்னு கேளுங்க! பதினொரு வருஷமா அடுத்தவங்க எழுத்தை எழுதறவர். இவர் ஒரு நடமாடும் கள்ள ஆவணம்!"

அவளுக்குக் கை முஷ்டியானது. மூன்று நாள் முன்பு அவனைப் பார்த்து அவள் சொன்னதும் இதே வார்த்தைதானே… வாயைக் கடித்துக்கொண்டாள்.

அவன் எழுந்தான். கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து மேசையில் கொட்டினான். உயில்கள், மொட்டைக் கடிதங்கள், காதல் கடிதங்கள், கதாநாயகன் இராணுவத்திலிருந்து அம்மாவுக்கு எழுதியது, வில்லன் போலீசுக்கு எழுதியது. "நான் எழுதினது எல்லாம் இதுல இருக்கும்மா. எதை வேணும்னாலும் எடுங்க, ஒரு புள்ளி குறையும்."

நீதிபதி அம்மா ஒன்றை எடுத்தார். தேடினார். குறைந்தது. இன்னொன்று. குறைந்தது. ஏழாவது கடிதத்தில் அவரையறியாமல் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. "பதினேழாம் பக்கத்துல எல்லாப் புள்ளியும் இருக்கு," என்றார்.

"இது ஒண்ணை மட்டும் சரியா எழுதியிருக்கலாமே!" வக்கீல் குதித்தார்.

"எழுதியிருக்கலாம் சார். அதனால தாளையும் மையையும் பரிசோதனைக்கு அனுப்புங்க. நாலு வருஷம் பழசா, நாலு நாள் பழசான்னு அது சொல்லும்." சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். "இது எங்கிருந்து வந்துச்சுன்னும் கேப்பீங்க. கம்பெனி குடுத்த சீட்டு. 'பழைய அரசுக் கோப்புத் தாள் ஒரு கட்டு, பக்கம் ஒன்பது முதல் இருபது வரை, நகலுக்காக மட்டும்.' கீழ மேனேஜர் கையெழுத்து, முத்திரை. இது வாய்மொழி இல்ல சார். எழுத்துல குடுத்திருக்காங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே… வக்கீல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தை யாராவது சத்தமாப் படிங்க. பதிவாகணும்," என்றார் நீதிபதி அம்மா.

அப்பா எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், மறுபடி துடைத்தார், எழுத்து தெரியவில்லை. அவள் போய்த் தாளை வாங்கினாள். எத்தனையோ பேருக்காக அழுத தொண்டை அது. அன்றைக்கு அது அழவில்லை. கடைசி வரிசைக் காவலாளி வரைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"'அமைச்சரின் வாய்மொழி உத்தரவுப்படி… சோதனை அறிக்கை இல்லாமலேயே… ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது!' ஏழு பேர் செத்தாங்கம்மா. எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவங்க. எங்கப்பா பயந்தார், அது தப்பு. ஆனா அவர் மறைக்கல. மறைச்சவங்க அதையே படமா எடுத்து, அவரைத் திருடன்னு சொல்ல என்னையே கூப்பிட்டாங்க!"

பக்கம் பரிசோதனைக்குப் போனது. அமைச்சருக்கும் மச்சினருக்கும் அழைப்பாணை போனது. அன்று சாயங்காலமே அமைச்சருக்கு நெஞ்சுவலி வந்தது, வராமல் இருக்குமா?

*

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மை நான்கு வருடம் பழசு. அப்பாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. படம் பெட்டிக்குள் போனது. அமைச்சர் பதவி போய், வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் காரியமாக அப்பா செய்தது, செத்துப்போன ஏழு பேர் வீட்டுக்கும் போய் வாசலில் நின்றுவிட்டு வந்ததுதான். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

அவனுக்குச் சினிமாவில் வேலை இல்லை. எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினான். அவள் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போன அன்று, ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணிமேல் நின்று 'மருந்தகம்' என்று எழுதிக்கொண்டிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. அலறி அடித்து இறங்கினான்.

"ஐயோ, பெயிண்ட்!"

"இதுலயும் புள்ளி விட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க. இது நகல் இல்லையே." சிரித்தான். கண் சிரித்தது. இருவரும் கடைக் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண். மழை ஒரு பக்கம் சாய்த்து அடிக்க, அது அரைச் சாணாயிற்று.

அவள் தீர்ப்பை நீட்டினாள். அவன் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். படிக்காமல் எழுதுகிறவன், இப்போது எல்லாவற்றையும் படித்துவிடுகிறான். படித்து முடித்துத் தொண்டையைச் செருமினான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்… அன்னிக்கு நீங்க திட்டினீங்களே, அப்பலேர்ந்தே… எனக்கு… உங்களை…"

மிச்சம் மழைச் சத்தத்தில் போய்விட்டது. போகவில்லை, அவளுக்கு நன்றாகவே கேட்டது. கன்னம் சூடாகிவிட்டது. ஆனாலும் சும்மா விடுவாளா?

"வாய்மொழி எல்லாம் எங்க வீட்ல செல்லாது. நாலு வருஷம் பட்டது போதும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எழுத்துல குடுங்க."

"எழுத்துலயா? யாரு எழுத்துல?"

"அது என்ன கேள்வி? உங்க எழுத்துல!"

அவன் திருதிருவென்று விழித்தான். பதினொரு வருடமாக அடுத்தவர் எழுத்தையே எழுதியவன். தன் எழுத்து எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, சுவரில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். நீட்டினான்.

கோழி கிறுக்கியது தேவலாம் போன்ற எழுத்து. ஒரு வரி மேலே ஏறியது, ஒரு வரி கீழே சரிந்தது. 'எனக்கு உங்களைப் பிடிததிருக்கிறது. யாருடைய வாய்மொழி உத்தரவும் இல்லாமல், சொந்த விருப்பத்தின் பேரில், ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது.'

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே நின்றது.

"'பிடித்திருக்கிறது'ல முதல் 'த'வுக்குப் புள்ளி எங்க?"

"எங்க… எங்க?" அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. "ஐயையோ! கை நடுங்கிடுச்சுங்க… நகல் இல்லைங்க இது! சத்தியமா அசல்! எங்க அம்மா மேல ஆணையா அசல்!"

அவளுக்குக் கண் மறைத்தது. நான்கு வருடமாக வராதது, மைக்கும் இல்லாமல், யாரும் 'டேக்' சொல்லாமல், கன்னத்தில் வழிந்து மழையோடு கலந்தது. அவன் பயந்துபோய், "அழாதீங்க, வேற எழுதித் தரேன்," என்றான்.

"வேற எதுக்கு?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் விரலிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். தாளை அவன் உள்ளங்கைமேலேயே வைத்து அழுத்தி, விட்டுப்போன இடத்தில் அந்தப் புள்ளியைத் தானே வைத்தாள்.